ஹைட்ரஜன் லாரிக்கு கேஸ் நிரப்புவது எப்படி? மதுரை வட்டார லாரிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கப்பலூர், லாரி உரிமையாளர்): அண்ணே, 10 கன்டெய்னர் லாரி வச்சிருக்கோம். தூத்துக்குடி துறைமுகம் போயிட்டு அன்னைக்கே திரும்பிடும். ஹைட்ரஜனுக்கு மாறினா ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்?

பதில்: போக வர 280 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முழு லோடு ஏற்றிய ப்யூயல் செல் லாரி (ஹைட்ரஜனைக் கரன்டாக மாற்றி மோட்டாரில் ஓடுவது) 100 கி.மீ.க்கு 8 முதல் 10 கிலோ குடிக்கும். ஆக ஒரு வண்டிக்கு 25 கிலோ, பத்துக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 250 கிலோ. அதைத் தண்ணீரிலிருந்து நீங்களே பிரித்தெடுத்தால் கிலோவுக்கு 55 யூனிட் கரன்ட், அழுத்தி ஏற்ற இன்னும் 3 யூனிட். மொத்தம் 14,500 யூனிட். தண்ணீர் கணக்குப்படி கிலோவுக்கு 9 லிட்டர்தான். ஆனால் நம்ம பக்கத்து போர் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டால் கழிவு நிறையப் போகும், அதனால் 20 லிட்டர் என்று போடுங்கள். குளிரூட்டத் தனித் தண்ணீர் வேண்டும்.

ஆனால் ஹைட்ரஜன் நிரப்பும் பங்கின் (பெட்ரோல் பங்கு மாதிரி) அளவை முடிவு செய்வது இந்த 250 கிலோ இல்லை; வண்டிகள் எத்தனை மணிக்கு வந்து நிற்கின்றன என்பதுதான். 24 மணி நேரத்துக்கும் பரவினால் மணிக்கு 11 கிலோ தள்ளும் கம்ப்ரசர் போதும். பத்தும் இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் வந்தால் மணிக்கு 83 கிலோ வேண்டும். அவ்வளவு பெரிய கம்ப்ரசர் வாங்காமல் சேமித்து வைக்கலாம்தான். ஆனால் 450 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) அழுத்தத்தில் சேமித்ததில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் பாதிதான் வண்டிக்குள் இறங்கும். மீதி அழுத்தம் குறைந்து தொட்டியிலேயே தங்கிவிடும். அப்படியானால் 500 கிலோவுக்கு மேல் சேமிப்பு தேவை. எனவே மிஷினுக்கு விலை கேட்பதற்கு முன் ஷிப்டை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு ரூபாய் செலவில்லாமல் பங்கின் அளவு பாதியாகும்.

கேள்வி (மேலூர், டிரைவர்): சார், 350 பார் டேங்க் வண்டி. சாயங்காலம் நிரப்புறப்ப மீட்டர் 350 காட்டுது. காலைல பார்த்தா 310. எங்கயோ லீக் ஆகுதா?

பதில்: பெரும்பாலும் லீக் இல்லை, சூடு. டேங்குக்குள் ஏற்கெனவே இருக்கிற வாயுவை உள்ளே வருகிற வாயு அழுத்துவதால் வெப்பம் ஏறும். போதாததற்கு, ஹைட்ரஜன் வால்வில் அழுத்தம் இறங்கும்போதும் சூடாகும் வாயு. மற்ற பல வாயுக்கள் அந்த இடத்தில் குளிரும். உள்ளே 70 டிகிரியில் 350 பார் என்று நின்ற டேங்க், இரவில் 35 டிகிரிக்கு ஆறினால் ஏறக்குறைய 310 பாருக்கு வந்து நிற்கும். அதாவது 30 கிலோ டேங்கில் உண்மையில் ஏறியது 26 கிலோதான். தூத்துக்குடி போய் வர அது மட்டுமட்டு.

350 பார் என்பது 15 டிகிரிக்கான கணக்கு. சூடான டேங்கை முழுதாக நிரப்ப டிஸ்பென்சர் (பங்கில் வாயு ஏற்றும் மிஷின்) அதைத் தாண்டிப் போக வேண்டும், 1.25 மடங்கு, அதாவது 437 பார் வரை அனுமதி உண்டு. டேங்கின் உள்வெப்பம் 85 டிகிரியைத் தாண்டக் கூடாது. உங்கள் பங்கு 350-லேயே நிறுத்துகிறது என்றால் முதலில் வண்டியின் நிரப்பும் வாயைச் சுற்றி இருக்கும் இன்ஃப்ராரெட் வளையத்தைப் பாருங்கள். டேங்கின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் டிஸ்பென்சருக்குச் சொல்வது அதுதான். கிரானைட் தூசி படிந்தால் பேச்சு அறுந்துவிடும். டிஸ்பென்சர் எதற்கும் பயந்து குறைவாக நிரப்பும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

லீக்கா, சூடா என்று பிரித்தறிய ஒரு வழி: ஆறிய பிறகு, விடிகாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் அழுத்தத்தோடு டேங்க் வெப்பத்தையும் குறியுங்கள். சூடு என்றால் வெப்பம் நின்ற இடத்தில் அழுத்தமும் நின்றுவிடும். வெப்பம் மாறாமல் அழுத்தம் மட்டும் இறங்கினால் லீக். அந்த வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (திருமங்கலம், பங்கு மேற்பார்வையாளர்): முதல் ரெண்டு வண்டி 12 நிமிஷத்துல நிரம்புது. மூணாவது வண்டி 280 பாரோட நின்னுடுது. கம்ப்ரசர் நல்லாத்தான் ஓடுது.

பதில்: சிஎன்ஜி பங்கில் மாலை வரிசையில் ‘பிரஷர் இல்லை’ என்பார்களே, அதே கதை. சேமிப்பு அழுத்தத்தைப் பொறுத்து கீழ், நடு, மேல் என மூன்று அடுக்காக இருக்கும். டிஸ்பென்சர் முதலில் கீழ் அடுக்கிலிருந்து எடுக்கும். ஓட்டம் தளர்ந்ததும் நடு அடுக்கு, கடைசியில் மேல் அடுக்கு. மேல் அடுக்கு வற்றிவிட்டால் வண்டியை நிறைவு செய்ய அழுத்தம் இருக்காது. கம்ப்ரசர் எந்த அடுக்கை முதலில் நிரப்புகிறது என்று பேனலில் பாருங்கள். கீழ் அடுக்கு முதலில் என்று இருந்தால் உங்கள் நோய் அதுதான். மேல் அடுக்குக்கு முன்னுரிமை கொடுங்கள்.

டயஃப்ரம் கம்ப்ரசர் (மெல்லிய தகடுகள் அசைந்து வாயுவை அழுத்துவது) என்றால் இன்னொன்று: அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் தகடு விரிசல் விடும். மூன்று தகடுகளுக்கு இடையில் ஒரு சின்னக் குழாய் வெளியே வந்து அழுத்த மானியில் முடியும். அதில் முள் எழும்பினால் ஒரு தகடு கீறிவிட்டது என்று பொருள். ரீசெட் செய்து ஓட்டவே கூடாது.

கேள்வி (அதே பங்கில் நிரப்புபவர்): அண்ணே, மழைக்காலத்துல நாசில் கழற்ற வர மாட்டேங்குது.

பதில்: உங்கள் பங்கில் வாயுவைக் குளிரூட்டி அனுப்புகிறார்கள். ஈரம் உறைந்து பிடித்துக்கொள்கிறது. சுத்தியல் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். ஊற்றிய தண்ணீரே அடுத்த தடவை பனிக்கட்டி ஆகும். ஓரிரு நிமிடம் பொறுங்கள், அல்லது உலர்ந்த நைட்ரஜனை ஊதுங்கள். மூடியை எப்போதும் மாட்டி வையுங்கள். கழற்றியதும் ஓ-ரிங் கிழிந்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி (சிந்தாமணி, ஒர்க்‌ஷாப்): தகர ஷெட்ல இந்த வண்டிய வேலை பார்க்கலாமா?

பதில்: அப்படியே கூடாது. ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு லேசு. கூரை முகட்டில் போய்ச் சேரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும், அதற்கு கண்ணுக்குத் தெரியாத நிலைமின் பொறி போதும். முகடு நெடுக திறப்பு வேண்டும். வாயு உணர்கருவி முகட்டில் இருக்க வேண்டும், எல்பிஜிக்கு வைப்பது போலத் தரையோரம் வைத்தால் பயனில்லை. 1 சதவீதத்தில் கரன்ட் தானாக அறுபட வேண்டும். வெல்டிங் என்றால் முதலில் டேங்கை வெளியே காலி செய்து, லைனை நைட்ரஜனால் கழுவுங்கள். எரிகிற ஹைட்ரஜன் பகலில் கண்ணுக்குத் தெரியாது. கையை நீட்டித் தேட வேண்டாம், ஆளுயிர் போகும் விஷயம் இது.

கேள்வி (விருதுநகர்): காஸ்டிக் சோடா ஆலையில் மிச்சமாகிற ஹைட்ரஜனை வாங்கலாமா?

பதில்: சுத்திகரித்தால் வாங்கலாம். ப்யூயல் செல்லுக்கு ஐஎஸ்ஓ 14687 தரம்: 99.97 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 0.2 பிபிஎம்முக்குள் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பாகம்), கந்தகம் 0.004 பிபிஎம்முக்குள். இந்த ஆலை வாயுவில் குளோரின், ஈரம், ஆக்சிஜன் மூன்றையும் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். 99.9 என்று தாளில் இருப்பதை நம்பி ஏற்றினால் செல்லுக்குள் இருக்கும் பிளாட்டினம் விஷமேறி செல் படுத்துவிடும். ஹைட்ரஜனை எரித்து ஓடும் எஞ்சின் வண்டிக்கு இவ்வளவு கறார் இல்லை.

கேள்வி (திண்டுக்கல்): நம்ம பக்கம் இது எப்ப வரும்? லைசென்ஸ் யார் தருவாங்க?

பதில்: அழுத்தக் கலன்களுக்கு பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி கட்டாயம். 2025 மார்ச்சில் மத்திய அரசு 37 பேருந்து, லாரிகளுக்கும் 9 நிரப்பு நிலையங்களுக்கும் சோதனைத் திட்டமாக ஒப்புதல் தந்தது. அதில் நமக்குப் பக்கத்தில் உள்ள தடம் திருவனந்தபுரம்–கொச்சி. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் தொடங்கிய சோதனை ஆலை மணிக்கு 10 கன மீட்டர், அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவு. நாள் முழுக்க ஓடினாலும் கப்பலூர் லாரி ஒன்றின் ஒரு ட்ரிப்புக்குக் காணாது. அதைக் கேட்டு வண்டி புக் செய்ய வேண்டாம். எழுத்துப்பூர்வமான சப்ளை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு வண்டியைப் பாருங்கள்.