அண்ணனும் தம்பியும் நாலு சீன் கத்துனாலும் கத ஏன் மனசுல ஒட்டல?

கேள்வி (பிறையிலிருந்து ஒரு வாசகர், வயசு 24): 15 நிமிஷ குறும்படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கேன் சார். அப்பா செத்ததுக்கு அப்புறம் பட்டர்வொர்த்துல இருக்குற அவரோட ஒட்டுக்கடைய (ரோட்டோர சாப்பாட்டுக்கடைய) வித்துடணும்ங்குறான் அண்ணன், கூடாதுங்குறான் தம்பி. நாலு சீன்ல நல்லா மோதிக்கிறாங்க. ஆனா படிச்ச கூட்டாளிங்க எல்லாம் சீரியல் மாதிரி இருக்குங்குறாங்க. வசனத்த இன்னும் காரமா மாத்தணுமா?

பதில்: வேணாம் தம்பி, காரம் ஏற்கெனவே தூக்கலாத்தான் இருக்கு. ஸ்கிரிப்ட ரெண்டு தடவ படிச்சேன். அண்ணன் வித்துடலாம்ங்குறான், தம்பி முடியாதுங்குறான், அடுத்த சீன்லயும் அதே, கடைசி சீன்லயும் அதே, குரல் மட்டும் ஏறிகிட்டே போகுது. இதுக்கு ஒரு நடுவர போட்டா பட்டிமன்றம். மொத சீன்ல அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன இருந்துச்சோ அதேதான் கடைசி சீன்லயும் இருக்கு, உறவு ஒரு அடி கூட நகரல.

அண்ணன் தம்பி கதைன்னா நான் மொதல்ல போறது கம்பன்கிட்டதான். கும்பகர்ணனும் வீடணனும். ராவணன் செஞ்சது தப்புன்னு ரெண்டு பேருக்கும் தெரியும், ரெண்டு பேருமே அத அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லியும் பாத்தாச்சு, அதாவது கருத்துன்னு பாத்தா ரெண்டு பேருக்கும் ஒரே கருத்து! ஆனா ஒருத்தன் ராமன் பக்கம் போயிட்டான், இன்னொருத்தன் ராவணனுக்காக சண்ட போட வந்து நிக்கிறான். போர்க்களத்துல வீடணன் வந்து அண்ணே நீயும் வந்துடுன்னு கூப்பிடுறான். கும்பகர்ணன் என்ன சொல்றான்னா, தண்ணியில போட்ட கோலம் மாதிரியான இந்த வாழ்க்கைக்கு ஆசப்பட்டு, இத்தன நாள் என்னை வளத்து இன்னைக்கு போர்க்கோலம் கட்டி அனுப்புனவனுக்கு உசுர குடுக்காம நான் வரமாட்டேன்ங்குறான். அதோட விடாம, நீ போய் உசுரோட இரு, நாங்க செத்தா எள்ளும் தண்ணியும் எறைக்க நம்ம குடும்பத்துல ஒருத்தன் வேணும்ல, அப்படின்னு தம்பிய தேத்தி வேற அனுப்புறான். வகுப்புல இந்த எடத்த சொன்னா பசங்க ஃபோன கீழ வெச்சிடுவாங்க, நான் எத்தனையோ தடவ பாத்துட்டேன். யாரும் யாரையும் திட்டல, ஒருத்தன் ஒருத்தன கட்டிப் பிடிச்சு அழறாங்க, ஆனா அதுக்கு மேல பெரிய பிரிவு என்ன இருக்கு சொல்லுங்க.

ஒருத்தன் ஜெயிக்கணும்னா தனக்கு பிடிச்சவன இழக்கணும், அப்படி ஒரு எடத்துல ஆளுங்கள கொண்டு போய் நிறுத்துறதத்தான் நாங்க முரண்ங்குறோம். குரல் ஏறுதா இல்லையாங்குறது ரெண்டாவது விஷயம். கண்ணகிய பாருங்க, அரசன் முன்னாடி சிலம்ப உடைச்சு அந்தக் கத்து கத்துனவ, எல்லாத்தையும் தொலைச்சுட்டு வீட்டுக்கு வந்த புருஷன்கிட்ட ஒரு வார்த்த கேக்கல, சிரிச்ச மொகத்தோட சிலம்பு இருக்கு எடுத்துக்கோங்கன்னு சொன்னா, மாதவிக்கு குடுக்கத்தான் காசு தேடுறான்னு தப்பா நெனச்சுகிட்டு. அந்த சிரிப்பு எனக்கு மதுரை எரிஞ்சத விட பயமா இருக்கும்.

நம்ம மலேசியா தமிழ்ப் படத்துல 2015ல வந்த ஜகாட் பாத்திருப்பீங்க. பையன் படிச்சு முன்னேறணும்னுதான் அப்பா அவ்வளவு கண்டிப்பா இருக்காரு, அந்தக் கண்டிப்பே பையன வெளிய தள்ளுது. பாசமும் அடியும் ஒரே கையிலேருந்து வருது.

இப்ப உங்க ஒட்டுக்கடைக்கு வருவோம். அண்ணன் ஏன் விக்கணும்ங்குறான்? ஸ்கிரிப்ட்ல பணத்துக்குன்னு மட்டும் இருக்கு, அதனால அவன் வில்லனா தெரியுறான். அப்பாவோட வைத்தியத்துக்கு அண்ணன் வெளிய கடன் வாங்கிட்டான், தம்பிக்கு தெரியவேணாம்னு அப்பாவே சத்தியம் வாங்கிட்டாருன்னு வைங்க. பாக்குறவங்களுக்கு இது ரெண்டாவது நிமிஷத்துலயே தெரியணும், தம்பிக்கு கடைசி வரைக்கும் தெரியக்கூடாது. (தயவு செஞ்சு கடைசியில ஃபிளாஷ்பேக் போட்டு அண்ணன் தியாகின்னு வயலின் வாசிக்காதீங்க, கெஞ்சி கேக்குறேன்.) இப்ப அண்ணன் உண்மைய சொன்னா செத்துப்போன அப்பாவுக்கு துரோகம், சொல்லலேன்னா தம்பி கண்ணுக்கு துரோகி. தம்பிக்கோ அந்தக் கடைய விட்டா அப்பாவ நெனைக்க வேற எடமே கெடையாது.

சரி, நாலு சண்டையில மூண தூக்குங்க, ஒன்னு போதும். அதுக்கு பதிலா இத யோசிச்சு பாருங்க. மொத சீன்ல அண்ணன் வேலை முடிஞ்சு மோட்டார நிறுத்திட்டு வந்து ஒக்காருறான், தம்பி எதுவும் கேக்காம தே ஓ கொசோங் (பாலும் சீனியும் போடாத தேத்தண்ணி) வைக்கிறான், வருஷக்கணக்கா அதுதான் வழக்கம், காசு கேள்வியே இல்ல. சண்டைக்கு மறுநாளும் பேசாம அதையே கொண்டு வந்து டக்குன்னு வைக்கிறான், கோவம் இருக்கு ஆனா உறவு இன்னும் ஒடையல. கடைசி சீன்ல கட வாங்குறதுக்கு ஆள் வந்து பாத்துட்டு போயாச்சு, அண்ணன் வந்து ஒக்காருறான், தம்பி பக்கத்துல வந்து நின்னு மத்த மேசையில கேக்குற அதே குரல்ல, "என்ன குடிக்கிறீங்க?"

வாங்க போங்கன்னு பேசுறான் பாத்தீங்களா. அந்த ஒரு "றீங்க" உங்க நாலு சீன் வசனத்துக்கும் மேல.

நடிக்கிறவங்ககிட்டயும் அங்க அழ வேணாம்னு சொல்லிடுங்க, தம்பி மேசைய தொடச்சுகிட்டே கேக்கட்டும். அண்ணன் குடிச்சு முடிச்சுட்டு, இத்தன வருஷத்துல மொத தடவையா பாக்கெட்டுலேருந்து ரெண்டு வெள்ளி எடுத்து கிளாஸுக்கு அடியில வைக்கிறான். வெலை ஒரு வெள்ளி எண்பது காசு. மீதி இருபது காச தம்பி எடுத்துட்டு பின்னாடியே ஓடுறானா, இல்ல அப்பாவோட பழைய மைலோ டின்னுல போட்டு மூடிடுறானா, அத நீங்கதான் எழுதணும், எழுதிட்டு எனக்கு அனுப்புங்க.