மர்மோட் எங்கே வளை தோண்டும், ஏன்? – கேள்வி பதில்

வளை தோண்டி வாழும் அணில் குடும்பத்து விலங்கான லடாக்கின் இமாலய மர்மோட் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

திருச்சி: ஒரு சரிவில் கூட்டமாக இருக்கின்றன, பக்கத்துச் சரிவில் ஒன்றுகூட இல்லையே, ஐயா?

மர்மோட் வாழ்வின் மையமே இந்தக் கேள்விதான். முதலில் மண். குளிர்கால வளை உறைபனி எட்டாத ஆழத்துக்குப் போக வேண்டும். வெறும் பாறையில் தோண்ட முடியாது, சதுப்பில் வளை நனைந்துவிடும். அடுத்தது வெயில். தெற்குப் பார்த்த சரிவில் பனி முன்னதாக உருகிப் புல் துளிர்க்கும். ஏறக்குறைய ஆறு மாதம் குளிர்கால உறக்கத்தில் பட்டினி கிடந்து வெளியே வரும் உயிருக்கு அந்தச் சில நாட்கள் பெரிது. மூன்றாவது, பார்வை. ஓநாயும் பனிச்சிறுத்தையும் பொன்னிறக் கழுகும் தொலைவிலேயே தெரிய வேண்டும். வளை வாசல் மண்மேட்டில் நிமிர்ந்து நிற்கும் ஒன்றைக் கவனியுங்கள்: முன்கால்கள் மார்போடு ஒட்டியிருக்கும், வாய் மென்றுகொண்டே இருக்கும், கண் மட்டும் வானத்தை விடாது. ஒரு சீழ்க்கை கேட்டால் அடுத்த நொடி மேடு காலி.

உதகை: நீலகிரிப் புல்வெளியில் உண்டா?

இல்லை. இந்தியாவில் மர்மோட் இமயப் பகுதியோடு சரி. அதே அணில் குடும்பத்து மலை அணில் உங்கள் பக்கம் இருக்கிறது.

கோவை: பனி குறைந்தால் அவற்றுக்கு நல்லதுதானே?

நேர்மாறு. வளைமீது கிடக்கும் பனிதான் அதன் கம்பளி. பனி மெலிந்தால் குளிர் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும். சேர்த்த கொழுப்பு வேகமாகக் கரையும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மர்மோட்கள் குடும்பமாக ஒட்டிப் படுத்து உறங்குகின்றன. மூத்த சகோதரர்கள் உடனிருக்கும் வளைகளில் குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன.

சேலம்: கொழுப்பு வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் லடாக்கின் பாங்கோங் ஏரிச் சாலையில் பிஸ்கட் போடுவது உதவிதானே?

இல்லை. எடை மட்டும் போதாது, எந்தக் கொழுப்பு என்பதும் முக்கியம். செடிகளிலிருந்து கிடைக்கும் லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம்தான் உடல் குளிர்ந்து கிடக்கும்போது கொழுப்பை இறுகாமல் வைத்திருக்க உதவுகிறது. மைதாவும் சர்க்கரையும் அந்த வேலையைச் செய்யாது.

சேலம் மீண்டும்: அவையே வந்து கையில் வாங்கித் தின்கின்றனவே!

ஆபத்தே அதுதான். வளையிலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம் என்ற கணக்கில்தான் மர்மோட்டின் உயிர் இருக்கிறது. பிஸ்கட் அதைச் சாலைக்கு இழுக்கிறது, பயத்தையும் போக்குகிறது. வண்டிக்குப் பின்னால் வரும் நாய்க்கும் மனிதனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாமல் போகும்.

ஓசூர்: சேலம் நண்பர் சொல்வதில் என்ன தவறு? பசியோடு வருவதைத் துரத்துவதா?

துரத்தச் சொல்லவில்லை. ஜூலைப் புல்வெளியில் நிற்கும் விலங்கு பட்டினியில் இல்லை, பழக்கத்தில் வருகிறது. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர்கள் நாம்தான். கொடுப்பதை நிறுத்தினால் மேயப் போய்விடும்.

வேலூர்: தொட்டால் நோய் வருமா?

மர்மோட் பிளேக் கிருமியைத் தாங்கும் விலங்கு. 2019இல் மங்கோலியாவில் மர்மோட் இறைச்சியைப் பச்சையாகத் தின்ற தம்பதி பிளேக்கில் இறந்தனர். தொடாதீர்கள். உணவு கொடுக்கப் போனால்தான் தொட நேரும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஈரோடு: பிஸ்கட் வேண்டாம், கேரட் கொடுக்கலாமா?

கேரட்டும் வேண்டாம்.

தஞ்சாவூர்: நல்ல படம் எடுக்க எப்போது போவது?

காலையிலும் பிற்பகல் சாய்ந்த பிறகும். உச்சி வெயில் அதற்கு ஆகாது, உள்ளே போய்விடும். தொலைவில் உட்கார்ந்து அசையாமல் இருங்கள். முதலில் ஒரு தலை எட்டிப் பார்க்கும், பிறகு மற்றவை மேய வரும்.