லைட்டரில் எரியாவிட்டால் இத்தாலியத் தோலா?

கேள்வி: ஃபுளோரன்ஸில் சுற்றுலா வழிகாட்டி கூட்டிப்போன கடையில் 180 யூரோவுக்குக் கைப்பை வாங்கினேன். லைட்டரைக் கொளுத்தி, “பாருங்கள், எரியவில்லை” என்றார்கள். உள்ளே ‘ஜெனுயின் லெதர், மேட் இன் இத்தாலி’ என்று இருக்கிறது. அசல்தானா?

பதில்: முதலில் அந்த லைட்டரை மறந்துவிடுங்கள். சட்டென்று சுடரை ஓட்டி எடுத்தால் ரெக்சின்கூடத் தாக்குப்பிடிக்கும். நிறுத்திப் பிடித்தால் அசல் தோலும் கருகும். அது சோதனையல்ல, வித்தை. வழிகாட்டிக்குக் கமிஷன் தரும் கடைகளுக்கு இப்படி ஒரு வித்தை தேவைப்படுகிறது. மணத்தையும் நம்பாதீர்கள், அதையும் ஏற்றலாம்.

பையின் உட்பாக்கெட் ஓரத்தில், சாயம் பூசாத வெட்டுமுனையைத் தேடுங்கள். தோலானால் நார்நாராகப் பிரியும். ரெக்சினானால் அடியில் துணி தெரியும்.

நார் தெரிந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. தோலின் தடிமனை மேல், கீழ் என இரண்டு அடுக்காகச் சீவி, கீழடுக்கின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, மயிர்க்கால் தடத்தை அச்சடித்து விற்கிறார்கள். நார் அசல், முகம் போலி. வெட்டுமுனையின் உச்சியில் மெல்லிய பளபளப்புக் கோடு தனியாக ஓடுகிறதா? மடித்தால் மேல்படலம் மட்டும் தனியாகச் சுருங்குகிறதா? மயிர்க்கால் தடம் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் இதுதான். இதற்கும் ‘ஜெனுயின் லெதர்’ என்று தாராளமாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் காலணிக்கு 1994-லேயே விதி போட்டுவிட்டது: எதனால் செய்தது என்ற குறி கட்டாயம், மேற்பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை வெறும் ‘தோல்’ என்று போட முடியாது. கைப்பைக்கு அப்படி ஒரு பொதுக் கட்டாயம் இல்லை. காலுக்குக் கிடைத்த மரியாதை தோளுக்குக் கிடைக்கவில்லை! இத்தாலி மட்டும் 2020-ல், விலங்குத் தோல் அல்லாததற்கு தோலைக் குறிக்கும் ‘பெல்லே’, ‘குவோயோ’ என்ற இத்தாலியச் சொற்களை ஒட்டுச்சொல்லாகக்கூடச் சேர்க்கக் கூடாது என்றது. ‘எக்கோபெல்லே’ என்று யாராவது ரெக்சினை நீட்டினால் வாங்காதீர்கள்.

சரி, இத்தாலியத் தோலா? அதைக் கண்ணால் சொல்ல என்னாலும் முடியாது. ‘மேட் இன் இத்தாலி’ என்பது பை எங்கே உருவானது என்பதற்குத்தான். தோல் வேறு நாட்டில் பதனிட்டதாக இருக்கலாம். பச்சைத்தோல் வெளிநாட்டிலிருந்து வந்தால் குற்றமில்லை, இத்தாலிக்காரர்களே நிறைய இறக்குமதி செய்கிறார்கள். பதனிட்ட இடம்தான் கணக்கு. ஃபுளோரன்ஸ் இருக்கும் டஸ்கனி வட்டாரத்தில் ஆர்னோ நதியோரம் சாண்டா குரோச்சே பக்கம் தாவரச் சாற்றில் பதனிடுபவர்களின் கூட்டமைப்பு ஒன்று வரிசை எண்ணுடன் உத்தரவாத அட்டை தருகிறது. அது இல்லாமலும் நல்ல இத்தாலியத் தோல் உண்டு. அப்போது கடைக்கு எழுதி, தோலைப் பதனிட்ட ஆலையின் பெயரைக் கேளுங்கள். வழிகாட்டியிடம் கேட்காதீர்கள்.