புதுசாக எதற்கு?

கேள்வி: வேலை முடிந்து வீடு வந்து சேர இரவு எட்டு மணியாகிவிடுகிறது. இட்லி, தோசை என்றாலே பிளஸ் ஒன்னும் எட்டாவதும் படிக்கிற என் பையன்கள் முகம் சுளிக்கிறார்கள். வாரநாள்களில் ராத்திரிக்குச் சுலபமாக, புதுசு புதுசாக என்ன செய்யலாம்? ஒரு பட்டியல் கொடுங்களேன்.
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: பட்டியல் இருக்கட்டும். எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிற நீங்கள் எதற்கம்மா புதுசு புதுசாகச் செய்ய வேண்டும்?

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டதே பத்திரிகைகள்தான். ‘30 வகை சூப்’, ‘30 வகை துவையல்’ என்று இலவச இணைப்பு போடுகிற வழக்கத்தை இந்தப் பக்கத்தில் பலமுறை கண்டித்திருக்கிறேன். சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் சிலர் இன்னும் கோபமாக இருக்கிறார்கள். இருக்கட்டும். சமைக்கிறவருக்கு மறுநாள் காலையில் வேலைக்கு ஓட வேண்டும் என்கிற நினைப்பே அந்தக் குறிப்புகளில் கிடையாது.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வாரம் முழுக்க இவையே மாறி மாறி வரும். ரவை, சேமியா, அரிசி, கோதுமை என்று உள்ளே மாறுமே தவிர, அடிப்படை பெரும்பாலும் இந்த மூன்றுதான். என்ன சாமான் வாங்க வேண்டும், எத்தனை மணிக்கு அடுப்பு பற்ற வைக்க வேண்டும் என்று தினம் யோசிக்க வேண்டாம். வீட்டிலும் களைப்பு பாதி அந்த யோசனையால்தான் வருகிறது.

தோசை விஷயத்தில் உங்கள் பையன்கள் பக்கம்தான் நானும், காரணம் வேறு. தோசை என்றால் ஒருவர் அடுப்படியில் நின்றே ஆக வேண்டும். மற்றவர்கள் சுடச்சுடச் சாப்பிட்டு எழுந்த பிறகு, கடைசி மாவை வழித்து ஊற்றி, மிச்சச் சட்னியோடு அவர் தனியாகச் சாப்பிடுவார். பெரும்பாலான வீடுகளில் அது அம்மா. வாரநாள் ராத்திரிக்கு நான் வைக்கிற ஒரே நிபந்தனை, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான்.

அதற்கு கொங்கு நாட்டு அரிசிம்பருப்புச் சாதத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு. தினமும் வடிக்கிற பொன்னி அரிசியே போதும். இரண்டையும் களைந்து இருபது நிமிஷம் ஊறவையுங்கள். குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயமும் நாலைந்து பல் பூண்டும் போட்டு வதக்குங்கள். வெங்காயம் ஓரம் சிவந்ததும் ஒரு தக்காளி, மஞ்சள்தூள், உப்பு. மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடி மூன்று விசில். ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கிவிடாதீர்கள், அந்தப் பத்து நிமிஷத்தில்தான் சாதம் குழைந்து சேரும். பெரிய வெங்காயம் போட்டால் அந்த ருசி வராது, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தட்டில் போட்டு மேலே நெய், பக்கத்தில் தயிரும் அப்பளமும். தொட்டுக்கொள்ளத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இதை வாரத்தில் இரண்டு நாள் வையுங்கள். ஒரு நாள் மிளகு ரசம், முட்டைப் பொரியல். ஒரு நாள் வெண்பொங்கல். ஞாயிற்றுக்கிழமை புளிக்காய்ச்சல் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், மிச்சம் ஒரு நாளைக்குச் சாதம் மட்டும் வடித்தால் போதும். அடுத்த வாரமும் இதேதான். பையன்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

பெரியவனுக்கு குக்கர் வைக்கிற வயசு வந்துவிட்டது. சின்னவன் வெங்காயம் உரிக்கட்டும். ஏழரைக்கு ஒரு போன் போட்டு அரிசியையும் பருப்பையும் களைந்து ஊறவைக்கச் சொல்லிவிடுங்கள். நீங்கள் வந்து கைகால் கழுவுவதற்குள் முதல் விசில் வந்துவிடும்.