இதய செல் ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, நீட்டில் இடம் கிடைக்காமல் பி.எஸ்சி. உயிர்வேதியியல் சேர்ந்த மகள், இப்போது இதய செல்லில் கால்சியம் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள், இதற்கெல்லாம் வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அவள் மனம் எதில் ஒட்டிக்கொண்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத் தசை செல்லுக்குள் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் நுழைகிறது. அது உள்ளே ரயனோடின் ஏற்பிகள் என்ற கால்சியக் கிடங்கின் கதவுகளைத் திறந்துவிட, செல் சேமித்து வைத்திருந்த கால்சியம் கொட்டுகிறது. அளவு சுமார் 10 மடங்கு ஏறும், தசை சுருங்கும். செர்கா என்ற பம்ப் அதைத் திரும்பக் கிடங்குக்குள் இழுத்ததும் தசை தளரும். அந்தப் பம்புக்கு பிரேக், ஃபாஸ்போலாம்பன் என்ற சின்னப் புரதம். பயத்தில் அட்ரினலின் சுரந்தால் பிரேக் தளர்ந்து இதயம் பலமாக அடிக்கும். ரயனோடின் ஏற்பியின் மரபணுவில் கோளாறு இருந்தால், நன்றாக இருக்கும் பிள்ளைகூட ஓடும்போது மயங்கி விழலாம். இதயம் செயலிழப்பவர்களுக்கு செர்காவின் வேலை குறைந்துவிடும். மரபணு சிகிச்சையால் அதைக் கூட்டிப் பார்த்த க்யூபிட் 2 என்ற மருத்துவச் சோதனை பலன் தரவில்லை. ஆக, செய்ய வேண்டியது நிறையவே மிச்சம் இருக்கிறது.

அன்றாட வேலை பொறுமையைச் சோதிக்கும். எலியின் இதயத்தை நொதியில் கரைத்துச் செல்களைப் பிரித்தபின், கால்சியத்தைத் துளித்துளியாகத்தான் திரும்பக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால், நீளமாகக் கிடந்த செல்கள் சுருண்டு உருண்டையாகிச் செத்துப்போகும். அன்றைய உழைப்பு வீண். பிழைத்த செல்லில் ஒளிரும் சாயம் ஏற்றினால், துடிப்புக்குத் துடிப்பு அது பளிச்சிடுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

சரி, வழி என்ன? எம்.எஸ்சி.க்கான நுழைவுத் தேர்வுகளான ஐஐடி ஜாமில் பயோடெக்னாலஜி தாள் அல்லது காட்-பி எழுதட்டும். அப்புறம் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) வாங்கினால் பிஎச்.டி.க்கு உதவித்தொகை கிடைக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். புது மருந்து இதயத் துடிப்பைக் கெடுக்கிறதா என்று சோதிக்கும் வேலையிலும் இந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டு. கணக்கையும் பைத்தான் என்ற கணினி மொழியையும் மட்டும் விட்டுவிடக் கூடாது. இங்கே பாதி வேலை, அந்தப் பளிச்சிடல் கணினியில் வரையும் வளைகோடுகளை அளப்பதுதான்.

பிஎச்.டி. முடிய ஐந்தாறு வருடம் ஆகும். உடனடியாக அவள் சம்பளம் வேண்டிய நிலை வீட்டில் இருந்தால், அதை அவளிடம் இப்போதே பேசிவிடுங்கள். இல்லையென்றால், இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடைகால ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கட்டும். இரண்டு மாதம் ஆய்வகத்தில் நின்று பார்த்தபின் எம்.எஸ்சி. பாடத்தை முடிவு செய்யலாம்.