பொட்டலில் யார் குடியிருக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். சனி, ஞாயிறு ஊருக்குப் போய்விடுவேன். கூடப் படித்த ஐந்து பேர் சேர்ந்து, ஊருக்குத் தெற்கே சும்மா கிடக்கும் பொட்டலில் இந்த மழைக்கு ஐந்நூறு மரக்கன்று நடலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். நூறு கன்று வாங்கியும் விட்டோம். மரம் வந்தால் பறவைகளும் மற்ற உயிர்களும் வந்து சேரும் அல்லவா? என்ன மரம் நடலாம்? நான் படித்தது பி.காம். காட்டுயிர் பற்றி ஒன்றும் தெரியாது. என்னைப் போன்றவர்கள் இதில் இறங்கலாமா?

ப., ஸ்ரீவைகுண்டம்

அன்புள்ள ப.,

தாராளமாக இறங்கலாம். ஆனால் அந்தப் பொட்டலில் ஒரு குழிகூடத் தோண்ட வேண்டாம். ஆசையோடு எழுதியவரிடம் எடுத்த எடுப்பிலேயே இப்படிச் சொல்வது எனக்கும் வருத்தம்தான். ஆனால் நீங்கள் செய்யப்போவதை நானே ஒருமுறை செய்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாதம். எங்கள் ஊர் எல்லையில் உள்ள மேய்ச்சல் தரையில் நண்பர்களோடு குழி தோண்டிக்கொண்டிருந்தோம். இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. நாங்கள் கண்டுகொள்ளவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, மேல கிடந்து இந்தக் கத்து கத்துதே, எதுக்குன்னு பாத்தியளா? முட்டை கிடக்கும்" என்றார். சொல்லிவிட்டு அவரே குனிந்து தேடினார். என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி நான்கு முட்டைகள். கூடு என்று எதுவும் இல்லை. தரையில் லேசான பள்ளம், சுற்றிப் பொடிக்கற்கள், அவ்வளவுதான். சாம்பலும் பழுப்புமாகக் கரும்புள்ளி விழுந்த அந்த முட்டைகளுக்கும் பக்கத்தில் கிடந்த கற்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பார்வையை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் காணவில்லை, மறுபடி தேட வேண்டியிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறினால் இந்தப் பறவை தண்ணீருக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். சூட்டில் முட்டை வெந்துவிடாமல் காக்க அது கண்ட வழி. நிழல் இல்லாத தரையில் வாழ்வதற்கென்றே பழகிய உயிர் அது. அதற்கு நிழல் கொடுக்கப் போயிருந்தோம் நாங்கள்.

அங்கே அன்று நிறுத்தினோமே தவிர, மற்ற இடத்தில் தோண்டினோம், நட்டோம். இரண்டு கோடையில் கன்றுகள் பட்டுப்போயின. குழிகள் மட்டும் மிஞ்சின. அதற்குப் பிறகு அந்தத் தரையில் நான் ஆள்காட்டியைப் பார்க்கவில்லை.

'சும்மா கிடக்கும் பொட்டல்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன், அரசாங்கத்துக் காகிதமும் அப்படித்தான் சொல்கிறது. மத்திய அரசு வெளியிடும் தரிசுநிலப் படத்தொகுப்பில் புதர்வெளியே ஒரு தரிசு வகை. ஆனால் உங்கள் ஊரிலிருந்து கொஞ்சம் தூரத்தில்தான் வல்லநாடு இருக்கிறது. 16.41 சதுர கிலோமீட்டர், 1987இல் சரணாலயமாக அறிவித்தார்கள். எதற்காக? வெளிமானுக்காக. பேரிலேயே 'வெளி' இருக்கிறது பாருங்கள். எதிரியைத் தூரத்திலேயே கண்டு ஓடித் தப்பிக்கிற மான் அது. மரம் அடர்ந்தால் அதற்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி.

கௌதாரி, காடை, சாம்பல்தலை வானம்பாடி எல்லாம் தரையில் முட்டையிடுகிறவை. உடைமரமும் முட்புதரும் புல்லும் அங்கங்கே வெறுந்தரையுமாகக் கிடப்பதுதான் இவற்றுக்கு வீடு. வெயில் நேரத்தில் கல்மேல் ஏறி நின்று, தொண்டைச் சவ்வை விரித்து விரித்துச் சுருக்குகிற சின்ன ஓணானைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஓர் இனத்தைத் தமிழ்நாட்டிலிருந்து 2016இல்தான் அறிவியல் உலகுக்கு விவரித்தார்கள். வைத்த பெயர் 'சிடானா விசிறி'. நம் பனையோலை விசிறிதான். இத்தனை காலம் நம் காலடியில் ஓடிய ஓணான்! அதனால் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று தயங்காதீர்கள். தெரிந்தவர்களுக்கும் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

ஒரு வருடம் பாருங்கள். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் இதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பொட்டலுக்குப் போய் ஒரு மணி நேரம் நடந்து, கண்டதை எழுதுங்கள். தேதி, நேரம், எத்தனை. பெயர் தெரியாவிட்டால் ஊரில் என்ன சொல்கிறார்களோ அதை எழுதுங்கள். உங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். எந்தப் புதரில் எது முட்டையிடும், எங்கே எவன் கண்ணி வைக்கிறான், நாய்க்கூட்டம் எந்த நேரத்தில் இறங்குகிறது, எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மான்குட்டிகளுக்கும் தரைக்கூடுகளுக்கும் இன்று தெருநாய் பெரிய ஆபத்து. ஊரில் கறிக்கழிவைப் பொட்டலில் கொட்டுகிறார்கள் என்றால் அதை நிறுத்துவது ஐந்நூறு கன்றைவிடப் பெரிய காரியம்.

கூட்டாளிகள் வேண்டுமானால் ஜனவரிக்குக் காத்திருங்கள். மணிமுத்தாறில் இருக்கும், ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையம், 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. உங்கள் பக்கத்துக் குளங்களிலும் தன்னார்வலர்கள் எண்ணுகிறார்கள். புதியவர்களைத் தெரிந்தவர்களோடு சேர்த்து அனுப்புவார்கள். பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் உண்டு, 2015இல் தொடங்கியது. பதினைந்து நிமிடம் பார்த்து, இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியல் போட்டால் போதும்.

நீங்கள் கணக்கு படித்தவர் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரில் உள்ள உயிர்களை எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சிப் பதிவேட்டை அடுத்த கிராம சபையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். தெற்குப் பொட்டலில் ஒன்றும் இல்லை என்று அதில் இருந்தால், உங்கள் நோட்டில் உள்ளதைச் சேர்க்கச் சொல்லுங்கள். மதுரை பக்கத்து அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கம் என்ற பேச்சு வந்தபோது, எங்கள் மலையில் இன்னின்ன உயிர்கள் இருக்கின்றன என்று ஊர் மக்களால் ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. திரண்டு நின்றார்கள், 2025 ஜனவரியில் சுரங்க ஏலம் ரத்தானது. நாளைக்கு உங்கள் பொட்டலுக்கு ஒரு திட்டம் வந்து, 'வெறும் தரிசுதானே' என்று யாராவது சொன்னால், எடுத்து நீட்ட உங்கள் நோட்டு இருக்கும்.

வாங்கிய நூறு கன்றுகளை வீணாக்க வேண்டாம். பள்ளிக்கூட வளாகம், வீட்டுக் கொல்லை, மரம் இருந்து வெட்டுப்பட்ட சாலையோரம், இங்கெல்லாம் வையுங்கள். வாய்க்கால் கரையில் இடமிருந்தால் மருதம் வையுங்கள், அது நம் தாமிரபரணி ஆற்றின் மரம். கையைச் சும்மா வைத்திருக்க நண்பர்களுக்கு முடியவில்லையென்றால் குளத்துக்கரையில் பனங்கொட்டை ஊன்றச் சொல்லுங்கள், ஊரில் அனுமதி கேட்டுக்கொண்டு.

பொட்டலுக்குப் போகும்போது ஆள்காட்டி தலைக்கு மேல் வந்து கத்தினால், காலை எடுத்து வைக்குமுன் தரையைப் பாருங்கள். வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். படம் எடுக்க நிற்க வேண்டாம், அது வெயிலில் முட்டையை விட்டுவிட்டுப் பறந்துகொண்டிருக்கும்.

முதல் மாதம் என்னென்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.