வார் இறுக்கும்போது கடிக்கிற குதிரை

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

கன்னியாகுமரி மாவட்டம் ராஜாக்கமங்கலம் பக்கம் கடற்கரைக்கு அருகில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன் ஒரு கத்தியவாரிக் கலப்புப் பெட்டைக் குதிரை வாங்கினேன். வயது ஒன்பது என்றார்கள். பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, இப்போது தினமும் சாயங்காலம் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது சேணம் போட்டு வயிற்று வாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வருகிறது. டிராட் (துள்ளோட்டம்) போகச் சொன்னால் நின்றுவிடுகிறது. அதட்டினால் முன்காலைத் தூக்குகிறது. விற்றவரிடம் கேட்டால், "அது திமிரு, நாலு அடி போட்டா சரியாயிரும், முள்ளுக் கடிவாளம் போடுங்க" என்கிறார்.

காலையும் மாலையும் இரண்டிரண்டு கிலோ காணம் (கொள்ளு), அதோடு அரிசித் தவிடு, கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கு. ராத்திரி வைக்கோல். மாட்டுக்கு வெட்டுகிற நேப்பியர் புல்லும் போடுகிறோம். நன்றாகத் தின்கிறது, ஆனாலும் விலா தெரிகிறது. மழை தொடங்கியதிலிருந்து குளம்பில் நாற்றம் வேறு. பெரியவர்களும் ஏறலாமா என்று கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

– ஒரு வாசகர், ராஜாக்கமங்கலம்

அன்புள்ள தம்பி,

இன்று சாயங்காலமே பிள்ளைகளை அதன்மேல் ஏற்றுவதை நிறுத்துங்கள். முன்காலைத் தூக்குகிற குதிரை நிலைதவறி மல்லாந்தால் அடியில் கிடப்பது பிள்ளைதான். மூன்று வாரம் வகுப்பு இல்லை என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

அடி வேண்டாம். முள்ளுக் கடிவாளமும் வேண்டாம். 1965-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்பு விதிகளே அதைத் தடை செய்திருக்கின்றன. முதல் மாதம் ஒழுங்காக வார் போடவிட்ட குதிரை நான்காம் மாதம் கடிக்க வருகிறது என்றால், நடுவில் அதற்கு எங்கோ வலிக்கத் தொடங்கியிருக்கிறது. குதிரை வலியை வாய்விட்டுச் சொல்லாது. முதலில் காதைப் பின்னால் மடக்கும், வாலைச் சுழற்றும், அதை நாம் கவனிக்காவிட்டால்தான் கடிக்கும். எங்கே வலிக்கிறது என்பதற்கான தடயம் உங்கள் கடிதத்திலேயே நிறைய இருக்கிறது.

தீவனத்திலிருந்து தொடங்குகிறேன், கோளாறு பெரும்பாலும் அங்கேதான் என்று நினைக்கிறேன். குதிரையை நீங்கள் மாடு போல வளர்க்கிறீர்கள். மாடு தின்றுவிட்டுப் படுத்து அசைபோடும். குதிரைக்கு அசைபோடும் வயிறு கிடையாது. உடம்போடு ஒப்பிட்டால் அதன் இரைப்பை மிகச் சிறியது. அதில் அமிலம் இரவும் பகலும் நிற்காமல் சுரக்கிறது. வெளியில் விட்டால் ஒரு நாளில் பதினாறு மணி நேரம் வரை மேய்கிற பிராணி அது. மெல்லும்போது ஊறுகிற எச்சில்தான் அமிலத்தைத் தணிக்கிறது. காலையில் காணத்தைப் போட்டுவிட்டுச் சாயங்காலம் வரை சும்மா கட்டிவைத்தால் இரைப்பை காலியாகிக் கிடக்கும். அந்த நேரத்தில் சேணம் போட்டு டிராட் போகச் சொன்னால், அமிலம் தளும்பி இரைப்பையின் மேல்பகுதியைச் சுடும். கீழ்ப்பகுதிக்கு இருக்கும் பாதுகாப்புப் பூச்சு மேல்பகுதிக்கு இல்லை; புண் வருவது அங்கேதான். வயிற்று வாரை இறுக்கும்போது கடிப்பது இந்தப் புண்ணின் பழக்கமான அடையாளங்களில் ஒன்று. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அது புண்ணை இன்னும் கிளறும்.

அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. நேப்பியரில் ஆக்ஸலேட் இருக்கிறது. புல்லில் உள்ள கொஞ்சநஞ்ச கால்சியத்தையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்ஸலேட்டைச் சிதைத்துவிடும், அதனால் மாட்டுக்கு அவ்வளவாகத் தெரியாது. குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிடும் நேப்பியரும் சேர்ந்து மாதக்கணக்கில் போனால், உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து உருவத் தொடங்கும். முதலில் இன்ன கால் என்று சொல்ல முடியாத நொண்டல், ஓட மனமில்லாமை. முற்றினால் முகத்தின் இரண்டு பக்கமும் எலும்பு புடைக்கும். கண்ணுக்குக் கீழே, கன்ன எலும்பு வரம்பின்மேல் இரண்டு கையாலும் தடவிப் பாருங்கள். வரம்பு கூராகத் தட்டுப்பட வேண்டும். மழுங்கி உப்பலாக இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடையைத் தெரிந்துகொள்ளத் தையல்காரரின் டேப் போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவு எடுங்கள். மார்பு முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம் எடுங்கள். நெஞ்சளவை அதே அளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ கிடைக்கும். நெஞ்சளவு 160 செ.மீ., நீளம் 145 செ.மீ. என்றால் 312 கிலோ. இந்த எடைக்கு ஒரு நாளைக்கு ஆறு கிலோ உலர் தீவனம் வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 20 கிலோ போட்டால் நாலு கிலோதான் தேறும். நேப்பியரைப் பாதியாகக் குறைத்து மற்ற பாதிக்கு வரப்புப் புல், அருகு வெட்டிப் போடுங்கள். அதோடு 2 கிலோ காய்ந்த கடலைக்கொடி சேருங்கள், அதில் கால்சியம் உண்டு. குதிரைமசால் கிடைத்தால் அதைவிட நல்லது. மொத்தத்தையும் ஐந்தாறு வேளையாகப் பிரித்துப் போடுங்கள், கடைசி வேளை ராத்திரி பத்து மணிக்கு. தவிட்டை அடியோடு நிறுத்துங்கள். வைக்கோலில் சத்து கிடையாது, குடலில் அடைத்துக்கொள்ளவும் செய்யும். அதைப் படுக்கைக்கு வைத்துக்கொள்ளலாம். காணம் ஒரு நாளைக்கு ஒரு கிலோ போதும், ஊறவைத்து வேகவைத்து இரண்டு வேளையாக. தேங்காய்ப் புண்ணாக்கு குதிரைக்கு நல்லதுதான். ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த ஒரு துண்டுகூட உள்ளே போகக்கூடாது. உடம்பு தேற, தேங்காய் எண்ணெயை 20 மில்லியில் தொடங்கி மெல்ல 100 மில்லி வரை கொண்டுபோங்கள். உப்பு தினமும் 30 கிராம். தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும்; நம்மூர்ப் புழுக்கத்தில் 30, 40 லிட்டர் குடிக்கும். இந்த மாற்றம் எல்லாவற்றையும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலி வந்துவிடும், குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது.

கடற்கரைப் பக்கம் என்பதால் மணலையும் பார்க்க வேண்டும். தரையில் போட்ட தீவனத்தோடு மணலும் உள்ளே போய்க் குடலின் அடியில் படியும். ஆறேழு லத்தி (குதிரைச் சாணம்) உருண்டைகளை, தரையில் படாத பக்கமாக எடுத்து, கண்ணாடி போல் தெரிகிற பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கரையுங்கள். கால் மணி நேரம் ஒரு மூலை கீழே இருக்கும்படித் தொங்கவிடுங்கள். அந்த மூலையில் ஒரு ஸ்பூன் அளவு மணல் நின்றால் அது அதிகம். இனி ரப்பர் பாய் விரித்து அதன்மேல் தொட்டி வைத்துப் போடுங்கள். நம் மாவட்டத்தில் ரப்பர் பாய் கிடைக்காமலா போகும்! லத்தியில் மெல்லாத காணமும் நீள நீளப் புல்லும் வந்தால் கடைவாய்ப் பல் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிறது என்று அர்த்தம். பல்லை ராவ வேண்டும். விலா தெரிவதற்கு அதுவும் காரணமாகலாம், பூச்சியும் காரணமாகலாம். லத்தியைச் சோதித்த பிறகு பூச்சிமருந்து கொடுங்கள்.

முதுகைப் பார்க்க இரண்டு வழி. முதுகெலும்பிலிருந்து நாலு விரல் தள்ளி, இரண்டு பக்கமும் பெருவிரலால் ஒரே அழுத்தமாக அழுத்திக்கொண்டே பின்பக்கம் போங்கள். ஓரிடத்தில் தசை துடித்து முதுகு குழிந்தால் வலி அங்கே. ஆளை ஏற்ற முடியாத இந்த மூன்று வாரத்துக்கு இது போதும். பிறகு முதல்முறை சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும் வேர்வைத் தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்திருக்க, நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால் சேணம் அங்கே கடிக்கிறது. ஆள் உட்கார்ந்த பிறகும் பிடரி மேட்டுக்கும் (கழுத்து முதுகோடு சேரும் இடத்து மேடு) சேணத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போக வேண்டும். பிடரி மேடு தூக்கலாக இருக்கும் குதிரைக்கு அகலச் சேணம் இறங்கி உட்கார்ந்துவிடும். சேணம் பொருந்தாவிட்டால் அடியில் இன்னும் ஒரு கம்பளியைப் போட்டுச் சரிக்கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. குறுகலான சேணத்துக்கு அப்படிச் செய்தால் இறுக்கம் கூடத்தான் செய்யும்.

நொண்டலை மண்ணில் பார்க்காதீர்கள். சிமென்ட் தரையில் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து ஒருவர் டிராட்டில் ஓட்டிவர, நீங்கள் எதிரே நின்று தலையைப் பாருங்கள். வலிக்கிற முன்கால் ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது கீழே வரும். அடுத்த குதிரை வாங்க அந்தியூர் ஆடிச் சந்தைக்குப் போனாலும் இதையே செய்யுங்கள். வலி ஊசி போட்டு நிறுத்தியிருப்பார்கள் என்பதால் முடிந்தால் இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஒருமுறை பார்த்து வாங்குங்கள்.

குளம்பு நாறுவது ஈரத்தால். அடியில் முக்கோணமாக, ரப்பர் போல மெத்தென்று இருக்கும் பகுதியின் பள்ளத்தில் சாணமும் சேறும் தங்கிக் கறுப்பாக அழுகுகிறது. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. காய இடைவெளியே இல்லை. காலை, மாலை இரண்டு வேளையும் குதிகாலிலிருந்து நுனி நோக்கிக் கொக்கியால் சுரண்டி, கழுவித் துடைத்து, பஞ்சில் அயோடின் தொட்டுப் பள்ளத்துக்குள் வையுங்கள். பினாயில் ஊற்றாதீர்கள், அது தசையைச் சுடும். லாயத்துத் தரை சாய்வாக, காய்ந்து இருக்க வேண்டும். லாடக்காரர் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டும். நாலு மாதமாக ஒருதடவையும் வரவில்லை என்றால் டிராட் மறுப்பதற்கு அதுவே போதும்.

அரளியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தோவாளைப் பக்கம் பூவுக்கு அரளி போடுகிறார்கள், கோயில் மாலைக் கழிவும் வெட்டிய கிளையும் தோட்டத்து ஓரங்களில் குவிந்து கிடக்கும். ஒரு கைப்பிடி அரளி இலை போதும், இதயம் நின்றுவிடும். காய்ந்தாலும் விஷம் குறையாது. மரச்சீனி இலையும் தோலும் வேண்டாம். சவுண்டல் (சூபாபுல்) மரத்தின் தழை தின்றால் பிடரியும் வாலும் கொட்டும். கோழித்தீவனத்தில் சேர்க்கும் சில மருந்துகள் குதிரையைக் கொன்றுவிடும், அந்தச் சாக்கு லாயத்துப் பக்கமே வரக்கூடாது.

இவ்வளவையும் எழுதிவைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். உள்ளூரில் குதிரை பார்த்துப் பழக்கமில்லை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்றும் அங்கேயே கேளுங்கள்.

பெரியவர்களை ஏற்ற வேண்டாம். சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் உச்சவரம்பு. கற்றுக்கொள்கிறவர் முதுகில் தொம் தொம்மென்று விழுவதால் 15 சதவீதத்தில் நின்றுகொள்வேன். 312 கிலோவுக்கு அது 47 கிலோ. 8 கிலோ சேணம் போக 39 கிலோ. இந்தக் குதிரை பிள்ளைகளுக்கு மட்டும்தான். அதுவும் ஒரு நாளைக்கு நாலு பேர், ஆளுக்கு அரை மணி, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு.

திரும்பத் தொடங்கும்போது முதல் இரண்டு வகுப்பில் யாரையும் ஏற்றாதீர்கள். இடது தோள் பக்கமாக, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவது, தேய்த்துவிடுவது, குளம்பு சுத்தம் செய்வது, நடத்திக்கொண்டு போவது. குதிரைக்கு மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கண் தெரியாது என்பதைப் பிள்ளை தன் காலால் நடந்து பழக வேண்டும். மூன்றாவது வகுப்பில் ஏற்றி, 20 மீட்டர் வட்டத்தில் நீளக் கயிற்றில் நீங்கள் சுற்றவிடுங்கள். பிள்ளை கையில் கடிவாள வார் வேண்டாம், சேணத்து முன்பட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும். உடம்பு நிலைக்கும் முன் கடிவாளத்தைக் கொடுத்தால், விழாமல் இருக்க அதைத்தான் பிடித்துத் தொங்குவார்கள். அந்த இழுப்பு முழுக்கக் குதிரையின் வாயில் விழும். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். தாடைப் பட்டையுள்ள ஹெல்மெட், சின்னக் குதியுள்ள ஷூ. ரப்பர்ச் செருப்போடு வந்தால் திருப்பி அனுப்புங்கள்; அங்கவடிக்குள் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) கால் வழுக்கிச் சிக்கினால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். வட்டம் தென்னைக்கு அடியில் வேண்டாம், தேங்காயும் மட்டையும் விழும். ஆழக் கடல்மணலிலும் வேண்டாம், தசைநார் பிய்ந்துவிடும்.

ஒவ்வொரு சவாரிக்கும் முன் இரண்டு கைப்பிடி கடலைக்கொடி தின்னக் கொடுத்துவிட்டுச் சேணம் போடுங்கள். வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல் ஒரு துளை, பத்தடி நடை, இன்னொரு துளை, மறுபடி நடை என்று மூன்று தடவையாக ஏற்றுங்கள். மூன்றாவது துளையிலும் காது முன்னால் நின்றால் பிள்ளையை ஏற்றலாம். மடங்கினால் அன்றைக்குச் சேணத்தைக் கழற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள்.